சந்தேகம் சாட்சியாகுமா?

(ஆலங்காயத்தில் "அந்த நாள்" படம் காட்டப்பட்டதற்கு மறுநாள் மாலை நடைபெற்ற கூட்டத்தில் செய்த சொற்பொழிவு.)



இன்று நம்மைப் பேசும்படி கேட்டுக் கொண்டிருக்கும் விஷயம் ஒரு சினிமாப் படம். தலைவர் அவர்கள் இதைச் சொன்னதும் உங்களில் சிலர் சிரித்ததை நாம் கவனித்தோம். சிரிப்பதற்குக் காரணமும் இருக்கிறது. இதே ஊரில், இதே இடத்தில் நின்று கொண்டு, சினிமா மோகம் வாலிபர்களின் புத்தியைக் கெடுக்கின்றது என்றும், நடிகனுடைய படத்துக்குப் பாலை ஊற்றுகிறவன் தன் வீட்டுக் குழந்தைக்குப் பால் வாங்கினானா என்று யோசிக்க வேண்டும் என்றும் நாம் பல தடவை பேசியிருக்கின்றோம். அப்படிப் பேசினவர்களே இன்று ஒரு சினிமாவைப் பார்த்துவிட்டு அதைப் பற்றிப் பேச வந்தால், பூனை துறவறத்தை விட்டுவிட்டது என்றுதான் நினைக்கத் தோன்றும். ஆனால் நாம் கண்டித்தது மூளையைக் கழற்றி வைத்துவிட்டுப் படம் பார்ப்பதையேயல்லாமல், மூளையைப் போட்டுக் கொண்டு பார்க்க வேண்டிய படத்தை அல்ல. நேற்று இரவு நாமெல்லோரும் பார்த்தது அந்த இரண்டாவது வகை. ஆகவே பேசுகின்றோம்.

உள்ளதைச் சொல்லி விடுகின்றோம். நமக்கு நாற்பது வயதுக்கு மேல் ஆகின்றது. "அந்த நாள்" என்ற பெயரை எத்தனையோ தடவை கேட்டிருக்கின்றோமே தவிர, நேற்றுத்தான் முதல் தடவையாகப் பார்த்தோம். நம்முடைய படிப்பெல்லாம் பள்ளிக்கூடத்தில் கொஞ்சமும், பழைய பேப்பர்க் கடைகளில் நிறுத்து வாங்கிய புத்தகங்களில் மிச்சமுமாக வந்தது. சினிமாக் கலையைப் பற்றி விஸ்தாரமாகச் சொல்லும் யோக்கியதை நமக்கில்லை. படம் பார்த்துக் கொண்டிருந்தபோது நமக்கும் நமக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் என்ன நேர்ந்தது என்பதை மாத்திரம் சொல்லப் போகின்றோம். படத்தைப் பார்க்காதவர்கள் யாராவது இங்கிருந்தால், முடிவைச் சொல்லி விட்டோம் என்று பிற்பாடு கோபித்துக் கொள்ளக் கூடாது. முடிவைச் சொல்லாமல் நாம் சொல்ல வந்ததைச் சொல்ல முடியாது.

படத்தின் வரலாறு

இந்தப் படம் 1954-ஆம் வருஷம் வெளிவந்தது. எடுத்தவர் ஏ.வி.மெய்யப்பன். திரைக்கதை எழுதியவர் ஜாவர் சீதாராமன். படத்தில் துப்பறியும் சி.ஐ.டி. அதிகாரியாக வருகிறவரும் அவரே. டைரக்ட் செய்தவர் எஸ்.பாலசந்தர். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. வீணை வாசிப்பதில் பேர் போனவர். அப்பேர்ப்பட்ட சங்கீதக்காரர் எடுத்த படத்தில் பாட்டு ஒன்றுகூடக் கிடையாது, நடனம் கிடையாது, கத்திச் சண்டை கிடையாது. தமிழில் பாட்டே இல்லாமல் வந்த முதல் படம் இதுதான். 1931-இல் "காளிதாஸ்" வந்த நாள் முதல், கதை இருக்கிறதோ இல்லையோ பாட்டு இருந்தால் போதும் என்று படம் எடுத்துக் கொண்டிருந்த காலத்தில், இது சாமான்யமான துணிச்சல் அல்ல. பலன் என்ன? முதலில் ஜனங்கள் பாட்டு எங்கே என்று கேட்டுக்கொண்டு திரும்பிப் போனார்கள். மத்திய சர்க்காரின் நற்சான்றிதழ் கிடைத்த பிறகுதான் இதற்கு மதிப்பு வந்தது.

கதாநாயகன் சிவாஜி கணேசன். அவருக்குச் "சிவாஜி" என்று பெயர் வைத்தது பெரியார் என்பது உங்களுக்குத் தெரிந்த சங்கதி. 1952-இல் "பராசக்தி"யில் அவரோடு நடித்த பண்டரிபாய் இதில் அவருடைய மனைவியாக வருகின்றார். நம் நாட்டுப் படங்களில் கதாநாயகன் கடைசி வரையில் சாகமாட்டான். இதிலோ, படம் ஆரம்பித்தவுடனேயே துப்பாக்கி வெடிக்கின்றது. கதாநாயகன் செத்து விழுகின்றான். பிறகு படம் முழுவதும் ஒரே கேள்விதான்: சுட்டது யார்?

இதிலே ஒரு வேடிக்கையும் இருக்கின்றது. ஒரே சம்பவத்தைப் பல பேர் பலவிதமாகச் சொல்லுவது என்ற யோசனையைப் பாலசந்தருக்குக் கொடுத்தது, குரோசாவா என்ற ஜப்பான்காரர் 1950-இல் எடுத்த "ராஷோமோன்" என்ற படம் என்று சொல்லுகின்றார்கள். நம்முடைய படத்தின் கதையோ, ஜப்பான்காரன் சென்னையில் குண்டு போட்ட சமயத்தில் நடக்கின்றது. குண்டு போட்டதும் அந்த நாடு. படத்துக்கு யோசனை கொடுத்ததும் அந்த நாடு. ஒரு தேசத்தார் எல்லோரையும் ஒரே தராசில் போட்டு நிறுக்கக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு அத்தாட்சி.

அந்தக் குண்டு விஷயம் இங்கிருக்கும் இளைஞர்களுக்குத் தெரிந்திருக்காது. 1942 ஏப்ரலில் கொழும்பிலும், விசாகப்பட்டினத்திலும், காக்கிநாடாவிலும் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டன. அடுத்தது சென்னைதான் என்று பயந்து, லட்சக்கணக்கான பேர் மூட்டை முடிச்சோடு ஊரைக் காலி செய்து விட்டார்கள். சர்க்கார் ஆபீசுகளே வெளியூருக்குப் போயின. கூண்டு உடைந்து வெளியே வந்துவிடும் என்று மிருகக்காட்சிச் சாலையிலிருந்த சிங்கம், புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். குண்டு அப்போது விழவில்லை. ஒன்றரை வருஷம் கழித்து 1943 அக்டோபர் 11-ஆம் தேதி இரவில் ஒரு விமானம் வந்து துறைமுகப் பக்கம் போட்டுவிட்டுப் போயிற்று. படத்தின் பெயரிலுள்ள "அந்த நாள்" அதை ஒட்டியதுதான். ஊர் முழுவதும் பயம். யாரைக் கண்டாலும் ஒற்றனோ என்ற சந்தேகம். அப்படிப்பட்ட வேளையில் ராஜன் என்ற ரேடியோ என்ஜினீயர் தன் வீட்டுக்குள் சுடப்பட்டுச் சாகின்றான்.

வட்டமாகச் சுற்றிய கதை

விசாரணை எப்படிப் போகின்றது என்று ஒரு முறை ஞாபகப்படுத்திக் கொள்ளுங்கள். வெடிச்சத்தம் கேட்டுப் போலீசுக்குத் தகவல் சொன்ன பக்கத்து வீட்டுச் சின்னையாப் பிள்ளையை முதலில் கேட்கிறார்கள். அவர், "தம்பி பட்டாபிதான் செய்திருப்பான், சொத்தில் பங்கு கேட்டு அண்ணனோடு சண்டை போட்டான்" என்கின்றார். பட்டாபியைக் கேட்டால், "பங்கு வேண்டுமென்று துடித்தவள் என் மனைவி ஹேமாதான்" என்று கட்டின மனைவியைக் காட்டி விடுகின்றான். ஹேமாவைக் கேட்டால், "அவருக்கு அம்புஜம் என்ற ஆட்டக்காரியோடு தொடர்பு இருந்தது, அவள்தான்" என்கின்றாள். அம்புஜத்தைக் கேட்டால், "கடன் கொடுத்த சின்னையாதான்" என்கின்றாள். கிளம்பின இடத்துக்கே வந்து சேர்ந்தாயிற்று! செக்கு மாடு சுற்றி வந்தாற்போல் நாலு பேரும் சுற்றி விட்டார்கள். எண்ணெய் ஒரு சொட்டும் வரவில்லை.

இந்த நாலு பேரும் பொய்யர்களா? நேற்று இரவு வீட்டுக்குப் போன பிறகும் நாம் இதையே யோசித்துக் கொண்டிருந்தோம். அவர்கள் சொன்ன சண்டை நடந்தது உண்மை. பங்கு கேட்டது உண்மை. கடன் இருந்தது உண்மை. ஆனால் ஒவ்வொருவரும் தாம் கண்டது இவ்வளவு என்று சொல்லி நிறுத்திக் கொள்ளவில்லை. கண்டதோடு தம்முடைய விரோதத்தையும், பயத்தையும், ஆசையையும் சேர்த்துக் கலக்கி, முழுவதையும் "கண்ணால் பார்த்தது" என்ற பாத்திரத்தில் ஊற்றிக் கொடுத்து விட்டார்கள். பாலில் தண்ணீர் கலப்பவனுக்காவது தான் கலப்பது தெரியும். இவர்களுக்கு அதுவும் தெரியாது.

நாமும் குற்றவாளிகளே

நிற்க. நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது திரையில் இருந்தவர்களைப் பற்றி அல்ல; திரைக்கு முன்னால் இருந்தவர்களைப் பற்றி.

நேற்று அம்புஜம் திரையில் வந்தவுடனே, அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே, பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "இவதான்யா, இவளேதான்!" என்றது. பத்துப் பேர் ஆமாம் என்று சிரித்தார்கள். அது யாருடைய குரல் என்று நாம் விசாரிக்கவில்லை. ஏனெனில் நம்முடைய மனத்துக்குள்ளிருந்தும் அதே குரல்தான் வந்தது. முப்பது வருஷமாகப் பகுத்தறிவு என்று பேசிக் கொண்டிருக்கும் நமக்கே அப்படித்தான் தோன்றிற்று.

என்ன ஆதாரம்? துப்பாக்கி அவள் கையிலிருந்ததா? இல்லை. அவளை அந்த வீட்டில் யாராவது பார்த்தார்களா? இல்லை. அவள் ஆட்டக்காரி, தாலி கட்டாமல் ஒருவனோடு இருந்தவள். அது ஒன்றுதான் ஆதாரம்! தேவதாசி முறையை ஒழிக்கச் சென்னை மாகாணத்தில் 1947-இல் சட்டம் வந்தது. சட்டம் வந்து எழுபது வருஷத்துக்கு மேலான பிறகும், ஆடுகிறவள் என்றால் கொலையும் செய்வாள் என்று நம் புத்தி தானாகவே தீர்ப்பு எழுதுகின்றதென்றால், சட்டப் புத்தகத்தில் ஒழிந்த இழிவு நம் மண்டைக்குள் இன்னும் ஒழியவில்லை என்றுதானே அர்த்தம்?

அதே போல, ஹேமா வந்தபோது தாய்மார்கள் பக்கத்திலிருந்து, "வாயைப் பாரு, இவ செஞ்சாலும் செய்வா" என்று ஒரு பேச்சு வந்தது. எதிர்த்துப் பேசுகிற மருமகள் என்பதைத் தவிர அவள் செய்த பாவம் என்ன?

இனி மறுபக்கத்தைப் பாருங்கள். இறந்தவனுடைய மனைவி உஷா, தலையை விரித்துப் போட்டு அழுது கொண்டிருந்தாள். அவள் மேல் நம்மில் ஒருவருக்காவது சந்தேகம் வந்ததா? "பாவம், தாலி அறுத்தவள், அவளைப் போய்க் கேள்வி கேட்டு வதைக்கிறானே" என்று அதிகாரியைத்தான் திட்டினோம். கடைசியில் என்ன ஆயிற்று? தன் ஆராய்ச்சிக்கு ஆதரவு கிடைக்காத ஆத்திரத்தில் ராஜன் எதிரிக்கு ரகசியம் விற்கிறவனாகிவிட்டான். அதைத் தெரிந்து கொண்டு தடுக்கப் போன அந்த மனைவியின் கையிலிருந்த துப்பாக்கிதான் அவனைக் கொன்றது. ஆட்டக்காரியும் நிரபராதி, வாயாடி மருமகளும் நிரபராதி, பங்கு கேட்ட தம்பியும், கடன் கொடுத்த கிழவரும் நிரபராதிகள்.

ஆகவே நாம் யாரைச் சந்தேகித்தோம்? முன்னமேயே நாம் இழிவாக நினைத்தவர்களை. யாரை விட்டு விட்டோம்? முன்னமேயே நாம் உயர்வாக நினைத்தவரை. துப்பு எதையும் பார்த்து நாம் முடிவு செய்யவில்லை. முடிவை வீட்டிலிருந்தே மடியில் கட்டிக் கொண்டு வந்திருந்தோம். படம் எடுத்தவருக்கு இது தெரியும். நம்மை நம்பித்தான் அவர் கொலையை ஒளித்து வைத்தார்!

வெற்றிலையில் கண்ட சாட்சி

இந்த இடத்தில் நம்முடைய சொந்தச் சங்கதி ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கின்றது. இதுவரை எந்த மேடையிலும் சொன்னதில்லை. நேற்றுப் படம் பார்த்த பிறகு இதை மறைத்து வைத்துக் கொண்டு உங்களுக்குப் புத்தி சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

1992-ஆம் வருஷம் நமக்கு வயது பன்னிரண்டு. வீட்டில் இரண்டு சவரன் சங்கிலி ஒன்று காணாமல் போயிற்று. அக்காளின் கல்யாணத்துக்கென்று வாங்கி வைத்தது. தேடிப் பார்த்துக் கிடைக்காமல், மை போட்டுப் பார்க்கிறவர் ஒருவரை அழைத்து வந்தார்கள். அவர் ஒரு வெற்றிலையில் கறுப்பு மையைத் தடவி, விளக்கைப் பக்கத்தில் வைத்து, "கள்ளம் கபடம் இல்லாத பிள்ளை கண்ணுக்குத்தான் தெரியும்" என்று சொல்லி, நம்மை உட்கார வைத்தார். வீடு முழுக்க ஜனம். அம்மா அழுது கொண்டிருந்தாள். அப்பா கையைப் பிசைந்து கொண்டிருந்தார்.

"என்ன கண்ணு தெரியுது?" என்றார். ஒன்றும் தெரியவில்லை என்றோம். "நல்லா உத்துப் பாரு. ஆளு தெரியுதா?" என்றார். விளக்கு வெளிச்சம் மையில் ஆடிக் கொண்டிருந்தது. தெரியுது என்றோம். "வேட்டி கட்டியிருக்கானா, துண்டு மட்டும் கட்டியிருக்கானா?" துண்டு என்றோம். "தலையில மூட்டை கீது பாரு, தெரியுதா?" தெரியுது என்றோம். கூட்டத்தில் ஒருவர், "மலைக்காரன்தான்! ரெண்டு நாள் முன்னாடி தேன் கொண்டாந்தானே!" என்றார். "அந்த ஆளு முகமா கண்ணு?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றோம்.

தோழர்களே! நாம் பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. அந்தச் சமயத்தில் உண்மையாகவே அவருடைய முகம் அந்த மையில் தெரிந்தது போலத்தான் இருந்தது. வருஷக் கணக்காக நம் வீட்டுக்குத் தேனும், சாமையும், பலாப்பழமும் கொண்டு வந்த மனிதர். நம் தாயாரை அம்மா என்று கூப்பிடுவார். அடுத்த சந்தைக்கு மலையிலிருந்து இறங்கி வந்தவரைப் பிடித்துப் புளியமரத்தில் கட்டி அடித்தார்கள். நம்மையும் கூட்டிக் கொண்டு போய் நிறுத்தி, "இந்தப் பிள்ளை கண்ணால பாத்திருக்குது" என்றார்கள். அவர் நம்மை ஏறிட்டுப் பார்த்து, "தம்பி, நீயா பாத்த?" என்று ஒரு வார்த்தை கேட்டார். அவ்வளவுதான். நாம் பேசாமல் நின்றோம்.

எட்டு மாதம் கழித்துத் தவிட்டுப் பானையைக் கழுவக் கவிழ்த்தபோது, அடியில் துணியில் முடிந்த சங்கிலி விழுந்தது. திருடனுக்குப் பயந்து பாட்டிதான் அதிலே ஒளித்து வைத்துவிட்டு, வயதான காரணத்தால் மறந்து போயிருக்கிறாள். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். கல்யாணம் நடந்தது. ஆனால் மலை ஏறிப் போய், "ஐயா, நீர் திருடவில்லை" என்று அவரிடம் சொல்ல ஒருவராவது கிளம்பினார்களா என்றால், ஒருவரும் கிளம்பவில்லை. அவரும் பிறகு நம் தெருப் பக்கம் வரவில்லை. வயது வந்த பிறகு நாமே தேடிக் கொண்டு போனோம். அதற்குள் அவர் இறந்து விட்டார். அந்தப் பாட்டியை மையில் பார்க்க ஏன் ஒருவருக்கும் தோன்றவில்லை? படத்தில் உஷாவை ஏன் சந்தேகிக்கத் தோன்றவில்லையோ, அதே காரணத்தினால்தான்.

கைரேகையும் கைரேகைச் சட்டமும்

சிலர் கேட்கலாம்: ஏதோ அறியாத ஜனங்கள் மையை நம்பினார்கள், படித்தவர்களும் சர்க்காரும் அப்படியா செய்கிறார்கள் என்று. அதையும் பார்ப்போம்.

படத்தில் வரும் சி.ஐ.டி. அதிகாரி குறி கேட்கப் போகவில்லை. கூட இருந்த இன்ஸ்பெக்டர், பணத்துக்காகத் திருடன் வந்து சுட்டிருப்பான் என்று சொன்னபோது, பாங்கியிலிருந்து எடுத்த பணத்தையும் வீட்டில் இருந்த பணத்தையும் கணக்குப் பார்க்கின்றார். கணக்கு சரியாக இருக்கவே, திருட்டு அல்ல என்று தெரிகின்றது. கைரேகை எடுக்கச் சொல்லுகின்றார். இந்தக் கைரேகை சாஸ்திரத்தில் நம் நாட்டவருக்குப் பெரிய பங்கு உண்டு. 1897-இல் கல்கத்தாவில் கைரேகைக் காரியாலயம் ஏற்பட்டது. ஆயிரக்கணக்கான ரேகைகளுக்குள் வேண்டியதைத் தேடி எடுக்கும் கணக்கு முறையை வகுத்ததில் அஜீசுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்ற இரண்டு இந்திய அதிகாரிகள் பெரும்பாடு பட்டார்கள். பெயர் மாத்திரம் மேலதிகாரியான ஹென்றி துரைக்குப் போயிற்று.

ஆனால் அதே கைரேகையை எதற்கும் உபயோகித்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. 1871-இல் வெள்ளைக்காரர் செய்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. அதன்படி இன்ன ஜாதியில் பிறந்தாலே குற்றவாளி. ரேகை பதிய வேண்டும். இரவில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் படுக்க வேண்டும். ஜனங்கள் அதைக் கைரேகைச் சட்டம் என்றே சொன்னார்கள். 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி மதுரைச் சீமையில் பெருங்காமநல்லூரில், ரேகை வைக்கமாட்டோம் என்று மறுத்த ஜனங்கள் மேல் போலீஸ் சுட்டுப் பதினாறு பேர் மாண்டார்கள். நம் மாகாணத்தில் 1947-இல்தான் அந்தச் சட்டம் ஒழிந்தது. இந்தியா முழுவதற்கும் ஒழிந்தது 1952-இல். குற்றம் நடந்த இடத்தில் ரேகையை எடுத்து, அது யாருடையது என்று தேடுவது அறிவு. ஆளைப் பிடித்து ரேகையை வாங்கி வைத்துக் கொண்டு, இனிமேல் நடக்கிற குற்றமெல்லாம் இவனுடையது என்று காத்திருப்பது வெற்றிலை மை!

சட்டம் போயிற்றே தவிர புத்தி போயிற்றா? நம் வீட்டில் மை போட்டுப் பார்த்த அதே 1992-ஆம் வருஷம் ஜூன் 20-ஆம் தேதி, தருமபுரி ஜில்லாவில் சித்தேரி மலை அடிவாரத்து வாச்சாத்தியில், சந்தனக் கட்டை பதுக்கினார்கள் என்று சொல்லி வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் புகுந்து ஊரையே அடித்து நொறுக்கினார்கள். பதினெட்டுப் பெண்களைக் கெடுத்தார்கள். 19 வருஷம் வழக்கு நடந்து, 2011-இல் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் அதுவரை உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. 2023-இல் ஹைகோர்ட்டும் அதை உறுதி செய்தது. அந்த ஜனங்களும் நமது மலையில் இருக்கும் மலையாளி இனத்தவரைச் சேர்ந்தவர்களே. 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி, திருப்பதிப் பக்கத்துச் சேஷாசலக் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி ஆந்திரப் போலீஸ் இருபது பேரைச் சுட்டுக் கொன்றது. செத்தவர்களில் இந்த ஜவ்வாது மலையிலிருந்து கூலிக்குப் போனவர்களும் உண்டு. அவர்கள் மரம் வெட்டினார்களா இல்லையா என்று கேட்டு, சாட்சியை நிறுத்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கோர்ட்டு இருந்தது. ஆனால் ஒருவரையும் கோர்ட்டுக்குக் கொண்டு போகவில்லை. சினிமாவில் செத்த ஒரு ராஜனுக்கு இரண்டு மணி நேரம் விசாரணை நடந்தது. இந்த இருபது பேருக்கு இரண்டு நிமிஷமாவது நடந்ததா என்று கேட்கின்றோம்.

பெரிய மனிதர்களுக்குமே இந்த ஆபத்து உண்டு. 1944-இல் லட்சுமிகாந்தன் என்ற பத்திரிகைக்காரர் சென்னையில் குத்தப்பட்டு இறந்தார். அந்த வழக்கில் எம்.கே.தியாகராஜ பாகவதருக்கும் என்.எஸ்.கிருஷ்ணனுக்கும் ஆயுள் தண்டனை கிடைத்தது. மேலே லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய், திரும்ப வந்து, சாட்சியத்தை மறுபடியும் பரிசீலித்த பிறகு 1947-இல் விடுதலையானார்கள். கலைவாணருக்குப் பிரிவி கவுன்சில் வரைக்கும் போகப் பணமிருந்தது, சிநேகிதர்கள் இருந்தார்கள். புளியமரத்தில் கட்டப்பட்ட தேன்காரருக்கு எந்தக் கவுன்சில் இருந்தது?

மலை மேலே ஒரு கண்

அப்படியானால் சாட்சிகளை என்ன செய்வது? ஒருவரையும் நம்பவே கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். அதற்குப் பதில் இந்த ஊருக்கு மேலேயே, காவலூரில், மலை மேல் உட்கார்ந்திருக்கின்றது.

1977 மார்ச் 10-ஆம் தேதி யுரேனஸ் என்ற கிரகம் ஒரு நட்சத்திரத்துக்குக் குறுக்கே வந்தது. காவலூர்த் தொலைநோக்கி வழியாக அதைக் கவனித்துக் கொண்டிருந்தவர்கள், கிரகம் நட்சத்திரத்தை மறைப்பதற்கு முன்பே அதன் வெளிச்சம் ஒரு கணம் குறைந்ததைக் கண்டார்கள். அது யுரேனசின் புதிய துணைக்கோளாக இருக்கலாம் என்று எண்ணி அப்படியே எழுதினார்கள். அதே சமயத்தில் விமானத்தில் பறந்து கொண்டே பார்த்த அமெரிக்கரும், ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்திலிருந்து பார்த்தவர்களும் தாங்கள் கண்டதை எழுதினார்கள். எல்லோருடைய கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, அது துணைக்கோள் அல்ல, யுரேனசைச் சுற்றி வளையங்கள் இருக்கின்றன என்று தெரிந்தது.

இதையும் நேற்றைய படத்தையும் சேர்த்துப் பாருங்கள். இங்கேயும் பல சாட்சிகள். ஒவ்வொருவரும் கண்டது ஒரு பாகம். ஆனால் இவர்கள் கண்டது இன்னது, எத்தனை மணிக்கு, எத்தனை நொடி என்று தனியாக எழுதி வைத்தார்கள். அதிலிருந்து தாம் நினைத்தது இன்னது என்று வேறாகச் சொன்னார்கள். அதனால்தான் நினைத்தது தப்பாகப் போன பிறகும், கண்டது உபயோகப்பட்டது. நினைப்பை மாற்றிக் கொள்ளுவதில் ஒரு அவமானமும் இல்லை. இவ்வளவு பெரிய பாடம் நடக்கும் மலைக்கு அடியில் இருந்து கொண்டு, நாம் வெற்றிலையில் திருடனைத் தேடினால் வெட்கம் யாருக்கு?

படத்தில் ஒரு குறை

படத்தில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. கணவன் எப்படிப்பட்டவனானாலும் அவன் காலடியே கதி என்று போதித்த படங்களுக்கு நடுவில், கணவனை விட நியாயம் பெரியது என்று நினைத்த ஒரு பெண்ணைக் காட்டியது மெச்சத் தகுந்தது. ஆனால் அவள் உயர்ந்தவளாக இருப்பதற்குத் தேசபக்தி என்ற பெரிய காரணம் தேவைப்பட்டது. அம்புஜத்தின் கஷ்டத்துக்கோ, பங்கு கேட்ட ஹேமாவின் நியாயத்துக்கோ படம் அவ்வளவு இடம் கொடுக்கவில்லை. நிரபராதி என்று விடுதலை செய்ததே தவிர, அவர்களிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அதை நாம்தான் கேட்க வேண்டும் போலிருக்கின்றது.

முடிவாக ஒரு வேண்டுகோள். இந்த ஊரில் இனி ஏதாவது பொருள் காணாமல் போனால், ஆளைத் தேடுவதற்கு முன் பொருளைத் தேடுங்கள். ஒருவன் மேல் பழி சொன்னால், நீ கண்டது எது, நினைத்தது எது என்று இரண்டாகப் பிரித்துக் கேளுங்கள். அந்த ஆளைத் தவிர வேறொருவர் அதே இடத்தில் இருந்திருந்தால் இதே சந்தேகம் வருமா என்று உங்களையே கேட்டுக் கொள்ளுங்கள். தப்பென்று தெரிந்து விட்டால், அடிக்கும்போது எத்தனை பேர் போனீர்களோ அத்தனை பேரும் போய்த் தப்பென்று சொல்லுங்கள். பிள்ளைகளை மைக்கு முன்னால் உட்கார வைக்காதீர்கள். அப்படி உட்கார்ந்த ஒரு பிள்ளை, முப்பது வருஷத்துக்கு மேலாகியும், "தம்பி, நீயா பாத்த?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் உங்கள் முன் நிற்கின்றது.

நாம் சொன்னோம் என்பதற்காக இதையும் நம்பிவிட வேண்டாம். படம் இன்னும் இளைஞர் சங்கத்தாரிடம் இருக்கின்றது. இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். இந்தத் தடவை திரையைப் பார்க்காமல், உங்கள் மனசு யாரைக் காட்டுகின்றது என்று கவனித்துக் கொண்டே பாருங்கள். பிறகு சரியென்று பட்டால் எடுத்துக் கொள்ளுங்கள். இல்லாவிட்டால் தள்ளி விடுங்கள்.